எண்ணெய் ஓவியம் நூறாண்டு நிற்க

நம்பிக்கை: தொட்டால் கையில் ஒட்டவில்லையா? ஓவியம் காய்ந்துவிட்டது.

உண்மை: வாட்டர் கலரில் தண்ணீர் ஆவியாகிப் போகும், கதை முடிந்தது. எண்ணெய் வண்ணத்தின் ஆளிவிதை எண்ணெய் ஆவியாவதில்லை. காற்றிலிருந்து ஆக்ஸிஜனை இழுத்துக்கொண்டு மெல்ல மெல்ல இறுகிப் படலமாகிறது. காய ஆரம்பிக்கும்போது அதன் எடை கூடுவதே இதற்குச் சாட்சி. மேல்தோல் சில நாளில் இறுகிவிடும். தடித்துப் பூசிய இடத்தில் அடிப்பகுதி மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் இளகியே கிடக்கும். அந்த இளகிய அடியின்மேல் சீக்கிரம் காய்கிற பூச்சு ஏறினால், கீழே அசைவு நிற்பதற்குள் மேலே விறைத்துப்போய்ப் பிளந்துவிடும். அதனால்தான் முதல் பூச்சை டர்பன்டைன் விட்டு நீர்க்கப் பூசி, மேலே போகப்போக எண்ணெயைக் கூட்டுகிறார்கள். இந்த ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பேன்.

பெரிய கை வரைந்தாலும் வேதியியல் விட்டுக்கொடுக்காது. தெயோதோர் ஜெரிகோ 1819இல் முடித்த ‘மெதூசாவின் தெப்பம்’ பாரிஸ் லூவ்ரில் இருக்கிறது. ஆழமான நிழலுக்காக அவர் பயன்படுத்திய பிட்டுமென் தார் வகையைச் சேர்ந்தது. முழுதாகக் காயவே காயாது. அந்த நிழல்கள் இன்று மீட்க முடியாதபடி கறுத்துக் கிடக்கின்றன.

நம்பிக்கை: துணியில் நேரடியாகப் பூசினால் வண்ணம் நன்றாகப் பிடிக்கும்.

உண்மை: எண்ணெய் ஊறிய நார் நாளடைவில் இற்றுப்போகும். இடையில் பிரைமர் அவசியம். அக்ரிலிக் பிரைமரின்மேல் எண்ணெய் வண்ணம் பூசலாம். எண்ணெயின்மேல் அக்ரிலிக் நிற்காது, உரிந்து வரும்.

நம்பிக்கை: வெள்ளை என்றால் எல்லாம் ஒன்றுதான்.

உண்மை: டியூபைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். பிடபிள்யூ 6 என்றால் டைட்டானியம். பிடபிள்யூ 4 என்றால் ஜிங்க். ஜிங்க் வெள்ளை பளிச்சென்று இருக்கும், ஆனால் காய்ந்தபின் நொறுங்கும் தன்மை கொண்டது. அதன்மேல் ஏற்றிய பூச்சுகள் செதில் செதிலாகப் பெயர்ந்து வரலாம். ‘டைட்டானியம் ஒயிட்’ என்று பெயர் போட்ட பல டியூபுகளிலும் ஜிங்க் கலந்திருக்கிறது. அதே பொடி எழுத்தில் பிஆர் 83 என்று கண்டால் அது அலிசரின் கிரிம்சன். மெல்லியதாகப் பூசினால் வெளுத்துப்போகும் சிவப்பு. வான்கோ 1888இல் வரைந்த ஆர்ல் படுக்கையறையின் சுவர் முதலில் ஊதா நிறம். அதிலிருந்த சிவப்பு மங்கிவிட, இப்போது நாம் பார்ப்பது நீலச் சுவர்.

நம்பிக்கை: இருட்டில் பூட்டி வைத்தால் ஓவியம் பத்திரம்.

உண்மை: ஆளிவிதை எண்ணெய் இருட்டில்தான் அதிகம் மஞ்சளிக்கும். வெளிச்சம் பட்டால் அந்த மஞ்சள் ஓரளவு திரும்பிப் போகும். நேர் வெயில் படாத வெளிச்சமான சுவர் போதும். கடலோர ஊர்களில் ஓதம் ஏறும் சுவரோடு ஒட்டி மாட்டாதீர்கள்; பின்பக்கம் காற்றுப் புக இடம் விடுங்கள்.

நம்பிக்கை: அழுக்கேறினால் உருளைக்கிழங்கை நறுக்கித் தேய்த்தால் பளபளக்கும்.

உண்மை: தயவுசெய்து வேண்டாம். ஈரம் வெடிப்புகள் வழியே பிரைமருக்குள் இறங்கும். தங்கிய மாவுச்சத்து பூஞ்சைக்கும் பூச்சிக்கும் தீனியாகும். தூசியை மென்மையான பிரஷ்ஷால் தட்டினால் போதும். அதற்கு மேலான அழுக்கை ஓவியப் பராமரிப்பு தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.