இணையதளம் எல்லோருக்கும் பொதுவாதல் வேண்டும்

முன்னாளில் ஊருக்கு அறிவிக்க வேண்டிய செய்தியைப் பறையறைந்து அறிவித்தனர்; பின்னர்ச் சாவடிச் சுவரில் எழுதி ஒட்டினர். பறையொலி செவிப்புலன் அற்றவருக்கு எட்டவில்லை. சுவரிலுள்ள எழுத்துப் பார்வையற்றவருக்கு எட்டவில்லை. இன்று அரசாங்கச் செய்திகள் இணையதளத்தின் வாயிலாக வருகின்றன. ஒரே செய்தியை எழுத்தாகவும், ஒலியாகவும், விரலால் தடவியறியும் பிரெய்லியாகவும் பெறுவதற்கு இதில் வழி உண்டு. ஆயினும் அவ்வழி தானே திறந்துவிடாது. தளத்தை அமைப்போரும் அதில் ஆவணங்களை ஏற்றுவோரும் சில விதிகளைக் கடைப்பிடித்தாலன்றி அது அடைபட்டே கிடக்கும். அவ்விதிகளுள் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிய வேண்டியவற்றை ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

கிராமத்தின் தேவை

2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி நம் நாட்டில் மாற்றுத் திறனாளிகள் சுமார் 2 கோடியே 68 லட்சம் பேர். அவர்களுள் சுமார் 1 கோடியே 86 லட்சம் பேர் கிராமங்களில் வாழ்பவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11 லட்சத்து 80 ஆயிரம் பேர் கணக்கிடப்பட்டனர். ஆகவே இதனை நகரத்தாரின் பிரச்சினை என்று நாம் ஒதுக்கிவிட இயலாது.

பட்டா விவரம், குடும்ப அட்டை, உதவித்தொகை மனு, பயிர்க் காப்பீடு ஆகிய யாவும் இன்று இணையதளத்தில் உள்ளன. பார்வையற்ற விவசாயி ஒருவர் தம் நிலத்தின் விவரத்தைத் தாமே அறிய இயலாவிடில், கைப்பேசியையும் கடவுச்சொல்லையும் பிறர் கையில் ஒப்படைக்க நேரிடும். நம்பத்தக்கவர் அருகில் இல்லையேல் காரியம் நின்றுவிடும். நம்பத்தகாதவர் அருகில் இருப்பின் நிலமும் பணமும் ஆபத்துக்கு உள்ளாகும்.

உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத் திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிப்பதற்கு 2025-ஆம் ஆண்டில் தமிழ்நாடு சட்டமன்றம் சட்டத் திருத்தங்களை நிறைவேற்றியது. மன்றத்தில் அமரும் உறுப்பினர் தீர்மானத்தையும் வரவு செலவுக் கணக்கையும் தாமே படித்தறிதல் வேண்டும். இல்லையேல் அவருக்கு அளித்தது நாற்காலி ஒன்றே, உரிமை ஆகாது.

திரையைப் படிக்கும் முறை

பார்வையற்றோர் கணினியைத் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் உதவியால் பயன்படுத்துகின்றனர். அது திரையிலுள்ள எழுத்தைப் படித்துக் குரலாகச் சொல்லும். 2006-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் தொடங்கிய 'என்.வி.டி.ஏ.' என்னும் திரைவாசிப்பான் இலவசமாகக் கிடைக்கிறது; தமிழையும் படிக்கிறது. ஆண்டிராய்டு கைப்பேசிகளில் 'டாக்பேக்' என்பது அப்பணியைச் செய்கிறது.

இம்மென்பொருள் எழுத்தைப் படிக்கும்; படத்தைப் படிப்பது அரிது. கையொப்பமிட்ட தீர்மானத்தை வருடியில் வைத்துப் படமெடுத்து ஏற்றினால், கண்ணுக்கு அது எழுத்து; மென்பொருளுக்கு அது வெறும் படம். பழைய எழுத்துருக்களாலும் இவ்விடர் நேர்கிறது. 'பாமினி' போன்றவை ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியவை. அதில் 'அம்மா' என்று அச்சிட்டால், உள்ளே இருப்பவை 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்பனவே. திரைவாசிப்பானும் அவற்றையே சொல்லும். யூனிகோடு முறையிலோ தமிழ் எழுத்துக்களுக்குத் தனிக் குறியெண்கள் உண்டு. தமிழ்நாடு அரசு 2010-ஆம் ஆண்டிலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது.

கடைப்பிடிக்க வேண்டிய விதிகள்

உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999-ஆம் ஆண்டில் இதற்கென நெறிகளை வெளியிட்டு, 2008, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் புதுப்பித்தது. நம் மத்திய அரசும் அரசுத் தளங்களுக்கென 2009-இல் நெறிகளை வகுத்து, மூன்றாம் பதிப்பை 2023-இல் வெளியிட்டது. அவற்றின் சாரமாவது:

1. செய்தி தரும் ஒவ்வொரு படத்துக்கும் அதனை விளக்கும் மாற்று உரை இருத்தல் வேண்டும்.

2. எழுத்தின் ஒளிக்கும் பின்னணியின் ஒளிக்கும் உள்ள விகிதம் 4.5-க்கு 1 என்னும் அளவுக்குக் குறையலாகாது. வெண்மையின் மேல் வெளிர் சாம்பல் எழுத்து ஆகாது. இவ்விதி வெயிலில் நின்று கைப்பேசியைப் பார்க்கும் முதியவருக்கும் நன்மை தரும்.

3. 'சிவப்பில் உள்ளவற்றை நிரப்புக' என்று நிறத்தால் மட்டும் குறிப்பிடலாகாது. நிறம் பிரித்தறிய இயலாதோர் பலர் உளர்.

4. சுட்டியைப் பிடிக்க இயலாதவர் விசைப்பலகையைக் கொண்டே எல்லாப் பகுதிகளையும் இயக்க முடிதல் வேண்டும்.

5. மனுப்படிவத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் இணைக்கப்பட வேண்டும்; இல்லையேல் எக்கட்டத்தில் எதை எழுதுவதென்று திரைவாசிப்பானால் சொல்ல இயலாது.

6. பேச்சுள்ள காணொளிக்குக் கீழே எழுத்துரை வேண்டும்.

சட்டத்தின் துணை

2016-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் குறிப்பிடுகிறது. மின்னணு ஊடகச் செய்திகள் அவர்கள் அணுகும் வடிவில் கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும் என்பது அதன் 42-ஆம் பிரிவு. 2017-ஆம் ஆண்டு விதிகள் தளத்தில் ஏற்றும் ஆவணங்களைப் படிக்கத்தக்க எழுத்து வடிவில் வெளியிடுமாறு கூறின. எனினும் அவ்விதி கட்டாயமின்றிப் பரிந்துரை போல் அமைந்திருந்தது. அது சட்டத்துக்கு முரணானது என்று 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, மூன்று மாதத்துக்குள் கட்டாய விதிகளை வகுக்குமாறு பணித்தது. 2025 ஏப்ரல் 30 அன்று அளித்த மற்றொரு தீர்ப்பில், மின்னணுச் சேவைகளை அணுகுதல் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதியே என்றது. கண் சிமிட்டிக் காட்டினால்தான் அடையாளம் ஏற்கப்படும் என்ற முறையால், அமில வீச்சில் முகம் சிதைந்தோரும் பார்வையற்றோரும் அடைந்த இன்னலே அவ்வழக்கின் பொருள்.

நாம் செய்யக்கூடியவை

தளத்தை அமைப்பது வல்லுநர் பணி; அதில் என்ன ஏற்றுவது என்பது பெரிதும் நம் கையில் உள்ளது. தீர்மானங்களையும் கணக்குகளையும் யூனிகோடில் தட்டச்சு செய்து, அக்கோப்பினையே ஏற்றுவிப்போம். கையொப்பப் படி வேண்டுமாயின் அதனையும் உடன் சேர்க்கலாம்.

சரிபார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. கோப்பில் ஒரு வரியைத் தேர்ந்து நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். நகலெடுக்க இயலவில்லையெனில் அது படம். ஒட்டியதும் புரியாத எழுத்தாக மாறினால் அது பழைய எழுத்துரு. தமிழாகவே வந்தால் திரைவாசிப்பானும் அதைப் படிக்கக்கூடும். இதனினும் சிறந்த சோதனை, நம் ஊர் மாற்றுத் திறனாளி ஒருவரையே அத்தளத்தைப் பயன்படுத்திப் பார்க்குமாறு வேண்டுதல். அவர் எங்கே தடைப்படுகிறாரோ அங்கேதான் குறை உள்ளது.

அக்குறைகளைக் கிராம சபையில் தீர்மானமாக்கி மாவட்ட நிர்வாகத்துக்கு அனுப்பலாம். மாற்றுத் திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடவும் சட்டம் இடமளிக்கிறது. பஞ்சாயத்து அலுவலகப் படிக்கருகே சாய்தளம் அமைக்கப் பணம் ஒதுக்குகிறோம். ஆவணத்தைப் படிக்கத்தக்கதாக ஏற்றுவதற்கோ பெருஞ்செலவில்லை. கருத்தும் கவனமுமே தேவை. அடுத்த கிராம சபையின் நடவடிக்கைக் குறிப்பிலேயே இதனைத் தொடங்குவோமாக!