வரப்பில் விழுந்தும் எரிய வேண்டிய பேட்டரி லைட்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

புவனகிரியைச் சுற்றியுள்ள வயல்காட்டில் மும்முனைக் கரண்ட் ராத்திரியில் வந்தால் ராத்திரியில்தான் மோட்டார் போட முடியும். ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்துவிட்டால் நடுச்சாமத்திலும் எழுந்துபோய் மடையை வெட்டிவிட வேண்டும். ஒரு கையில் மண்வெட்டி, மறு கையில் பேட்டரி லைட். ஈரக் களிமண் வரப்பில் கால் வழுக்கினால் முதலில் கையை விட்டு நழுவுவது லைட்தான். விழுந்த இடத்தில் அது அணைந்துபோனால், எலி தேடி வயலுக்கு வரும் கண்ணாடி விரியன் எங்கே சுருண்டு கிடக்கிறது என்று பார்க்க வழியில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. தமிழ்நாடு அரசும் 2024இல் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் தகவல் தெரிவிக்க வேண்டிய ஒன்றாக அறிவித்தது. ஆகவே, கீழே விழுந்தாலும் எரிகிற லைட் வயலுக்குப் போகிறவருக்கு உயிர் சம்பந்தப்பட்ட பொருள். ஆனால் கடைத்தெருவில் அதை வாங்கும்போது நாம் நம்புகிற பல விஷயங்கள் பித்தளை டார்ச் காலத்தோடு முடிந்துபோனவை.

நம்பிக்கை: கனமாக இருந்தால்தான் உறுதி.

கையில் எடுத்ததும் கனத்தைப் பார்த்து "நல்ல கெட்டி" என்கிறோம். விழும் பொருளுக்கு அந்தக் கனமே எதிரி. எவ்வளவு எடையோ அவ்வளவு வேகமான அடி அல்ல, அவ்வளவு பலமான அடி. ஒரு கிலோ எடையுள்ள, அஞ்சு பேட்டரிக் கட்டை போட்ட லைட்டும் 150 கிராம் சின்ன லைட்டும் ஒரே உயரத்திலிருந்து ஒரே வேகத்தில்தான் தரையைத் தொடும். ஆனால் பெரியதன் மேல் விழும் அடி ஆறேழு மடங்கு அதிகம். அதைவிட முக்கியமானது உள்ளே நடப்பது. பெரிய அல்கலைன் கட்டை ஒன்றே சுமார் 140 கிராம். பஸ் சட்டென்று பிரேக் போட்டால் நிற்கிறவர்கள் முன்னால் சாய்வதுபோல, குழாய் தரையில் மோதி நின்ற பிறகும் உள்ளே கட்டைகள் போய்க்கொண்டே இருக்கும். அவை ஸ்பிரிங்கை நசுக்கும், முன்னாலிருக்கும் தகட்டை இடித்து வளைக்கும். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது, லைட் மட்டும் எரியாது. உலோகக் குழாய் நசுங்கினாலோ, மூடி திறக்காமல் மரை கடித்துக்கொள்ளும். ஓரளவு வளைந்துகொடுக்கும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் அடியைத் தானே வாங்கிக்கொண்டு மீண்டுவிடுகிறது. பிளாஸ்டிக் என்பதற்காக ஒரு லைட்டை ஒதுக்க வேண்டாம். மெல்லிய, நொறுங்கும் பிளாஸ்டிக்கை ஒதுக்குங்கள். அலுமினியத்தின் மேல் ஏற்றும் கருப்புப் பூச்சும் கீறலைத்தான் தடுக்கும், அடியைத் தடுக்காது.

நம்பிக்கை: எல்இடி வந்த பிறகு விழுந்து கெடுவது என்பதே இல்லை.

பாதி உண்மை. பழைய குண்டு பல்பில் டங்ஸ்டன் இழை இருந்தது. எரியும்போது விழுந்தால் சூடான இழை அறுந்துவிடும். எல்இடியில் இழை கிடையாது. ஆனால் எல்இடியைத் தாங்கும் தகட்டில் ஈயப்பற்று இருக்கிறது, மெல்லிய ஒயர் இருக்கிறது, சுவிட்ச் இருக்கிறது. மலிவான லைட்டில் முதலில் விட்டுப்போவது இவைதான். கடையிலேயே இதைச் சோதிக்கலாம். லைட்டைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று சத்தம் வந்தால் கட்டைகள் இறுக்கமாக இல்லை. எரியவிட்டு உள்ளங்கையில் நாலு தட்டுத் தட்டுங்கள். ஒரு தடவை கண் சிமிட்டினாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பின்மூடியைத் திறந்து பாருங்கள்: கட்டைக்கு இரண்டு பக்கமும் ஸ்பிரிங் இருந்தால் நல்லது. கண்ணாடி, முன் விளிம்பைவிடச் சற்று உள்ளே தாழ்ந்திருக்க வேண்டும்.

நம்பிக்கை: "மிலிட்டரி தரம்" என்று போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

அட்டைப்பெட்டியில் வழக்கமாகக் காட்டப்படும் பெயர் மில்-எஸ்டிடி-810. இது அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறைகளைச் சொல்லும் ஆவணம். அதில் வரும் ஒரு சோதனையில் பொருளை 1.22 மீட்டர் உயரத்திலிருந்து முகம், விளிம்பு, மூலை என்று 26 தடவை போடுவார்கள். அந்த 26 விழுதலையும் ஐந்து பொருள்கள் வரை பங்கிட்டுக்கொள்ள அனுமதி உண்டு, கீழே கான்கிரீட்டின் மேல் மரப்பலகையும் இருக்கலாம். முக்கியமாக, இதற்கு முத்திரை குத்திக் கொடுக்கும் அமைப்பு எதுவும் கிடையாது, தயாரிப்பவர் சொல்வதுதான். டார்ச்சுக்கென்றே உள்ள அளவுகோல் ஏஎன்எஸ்ஐ எஃப்எல்-1. 2009இல் வந்தது. இதில் பேட்டரி போட்ட நிலையில் வேறுவேறு பக்கமாகக் கான்கிரீட் தரையில் போடுகிறார்கள். குறைந்தபட்ச உயரம் 1 மீட்டர். விரிசல் விடக் கூடாது, பிறகு எரிய வேண்டும். பெட்டியில் இந்தப் பெயரும், விழும் டார்ச் படமும், அதன் கீழே மீட்டர் கணக்கும் இருந்தால் அது பேசத் தகுந்த வாக்குறுதி. 1 மீட்டர் என்பது இடுப்பு உயரம்தான். நிமிர்ந்து நடக்கிறவர் கையிலிருந்து மோட்டார் கொட்டகைத் தரையில் விழுவதை அது ஈடுகட்டும். மின்கம்பத்தில் ஏறி நிற்கிற லைன்மேன் கையிலிருந்து விழுவதை ஈடுகட்டாது.

நம் பக்கத்து வயலில் விழுந்த லைட் கான்கிரீட்டில் கிடப்பதில்லை, சேற்றுத் தண்ணீரில் கிடக்கும். அதனால் தண்ணீர்க் குறியீட்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் நீரை மட்டும் தாங்கும், மழைக்குப் போதும். ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். வாய்க்காலில் விழுந்ததைத் தேடி எடுக்க இது வேண்டும். மூடியில் இருக்கும் ரப்பர் வளையம் அறுந்திருந்தால் எந்தக் குறியீடும் பயன்படாது.

நம்பிக்கை: தூரம் அடிக்கிற லைட்தான் வயலுக்கு.

"300 மீட்டர்" என்று எழுதியிருப்பதன் பொருள், அந்தத் தூரத்தில் விழும் வெளிச்சம் முழுநிலா அளவுக்கு, அதாவது 0.25 லக்ஸ், இருக்கும் என்பதுதான். தூரம் அடிக்க, வெளிச்சத்தைக் குவிக்கும் கிண்ணம் அகலமாக இருக்க வேண்டும். கிண்ணம் பெருத்தால் தலை கனக்கும். தலை கனத்தால் லைட் தலைகுப்புறக் கண்ணாடியில் விழும். பாம்பு கிடப்பதோ இரண்டு அடி தள்ளி, காலடியில். அகலமாகப் பரவும் வெளிச்சமே போதும். நெற்றியில் மாட்டும் லைட் என்றால் கையும் விடுபடும், நழுவி விழுவதும் அனேகமாக இல்லை. கையில் பிடிப்பதுதான் பழக்கம் என்பவர்கள் மணிக்கட்டில் கயிறு போட்டுக்கொள்ளுங்கள். விழாத லைட்டுக்கு எந்தத் தரச் சான்றும் தேவையில்லை.

செல்போன் வெளிச்சம் போதும் என்பவர்களுக்கு ஒரே பதில்: கடிபட்டால் 108ஐக் கூப்பிட அந்த போனில் சார்ஜ் இருக்க வேண்டும்.

நம்பிக்கை: விழாமல் பத்திரமாக வைத்தால் கெடாது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அதுபோன்ற நாளுக்கென்று வாங்கி, கட்டையோடு பரணில் வைத்த லைட் பல வீடுகளில் உள்ளேயே அரித்துப்போகிறது. சாதாரணக் கட்டையின் துத்தநாக உறையே உள்ளுக்குள் கரைந்துதான் மின்சாரம் தருகிறது. தீர்ந்த பிறகு உறை மெலிந்து ஓட்டை விழுந்து கசியும். அல்கலைன் கட்டையிலிருந்து கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, ஸ்பிரிங்கைத் தின்றுவிடும். எடுத்து வைக்கும் லைட்டில் கட்டையைத் தனியாகக் கழற்றி வையுங்கள். ஈய பேட்டரி உள்ள சார்ஜ் லைட்டை முழுவதும் இறங்கிய நிலையில் வைத்தால் பேட்டரி செத்துவிடும். மாதம் ஒரு முறை சார்ஜ் ஏற்ற வேண்டும்.

லித்தியம் கட்டை உள்ள லைட் பலமாக விழுந்தால், எரிகிறது என்று விட்டுவிடாமல் கட்டையை வெளியே எடுத்துப் பாருங்கள். நசுங்கல், உறைக் கிழிசல், வீக்கம் எது தெரிந்தாலும் அதை மறுபடி சார்ஜில் போடக் கூடாது. உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம்.