அருவிக்குக் கிளம்பும் முன் போனில் பார்க்க வேண்டியது

2024 மே 17. கோடை விடுமுறை. குற்றாலம் பழைய அருவியில் மக்கள் குளித்துக் கொண்டிருந்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்த மழையால் திடீரென வெள்ளம் பாய்ந்து வந்தது. எல்லோரும் சிதறி ஓடினார்கள். 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான்.

"இதை முன்கூட்டியே சொல்ல முடியாதா?" என்று கேட்பீர்கள். ஓரளவுதான் முடியும். கோடை இடிமழை, புயல் மாதிரி நாலு நாளைக்கு முன்பே முகம் காட்டாது. காலையில் வெயில் காயும். தரை சூடாகி ஈரக்காற்று மேலே எழும்பும். மலைச்சரிவு அதை இன்னும் தூக்கிவிடும். பிற்பகலில் மேகம் திரண்டு, ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடும். அந்த மேகமும் சில கிலோமீட்டர் அகலம்தான். அதனால் மாவட்டத்தில் கனமழைக்கு வாய்ப்பு என்று முந்தைய நாளே சொல்லலாம். எந்தச் சரிவில், எத்தனை மணிக்கு என்று சொல்வது கடினம்.

இன்னொன்றும் கவனியுங்கள். 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. பெய்தால்தான் வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் கனமழை. ஆனால் ஒரே மணி நேரத்தில் 50 மி.மீ. பெய்தால்? கணக்குப்படி அது கனமழையே இல்லை! ஆனாலும் ஒரு சதுர கிலோமீட்டரில் 5 கோடி லிட்டர் தண்ணீர் விழுந்திருக்கும். பாறைச் சரிவில் அது ஊற நேரம் ஏது? நேரே ஓடைக்குத்தான் வரும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில்கூட அடிக்கலாம்.

அதனால் காலையில் ஒருமுறை பார்த்தோம், போதும் என்று இருந்துவிடாதீர்கள். வானிலைத் துறையின் 'மௌசம்' செயலியில் அடுத்த 3 மணி நேரத்துக்கான எச்சரிக்கை வரும். மஞ்சள் என்றால் கவனமாக இருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள், சிவப்பு என்றால் உடனே செயல்படுங்கள். ரேடார் படத்தையும் திறந்து பாருங்கள். உங்கள் தலைக்கு மேலே பார்ப்பதைவிட, அருவிக்கு மேலே உள்ள மலையைப் பார்ப்பதுதான் முக்கியம். அடுத்தடுத்த படங்களிலும் மழை மேகம் நகராமல் அதே இடத்தில் நின்றால், அன்றைக்குக் குளியலை விட்டுவிடுங்கள். 'தாமினி' செயலி அருகில் விழும் மின்னலைக் காட்டும். தமிழில் தகவல் வேண்டுமென்றால் தமிழக அரசின் 'டிஎன்-அலர்ட்' இருக்கிறது. செயலிகளில் லொகேஷன், நோட்டிபிகேஷன் இரண்டையும் ஆன் செய்து வையுங்கள். மலையில் சிக்னல் போய்விடும். அதனால் அடிவாரத்திலேயே பார்த்துவிட்டு ஏறுங்கள்.

சிக்னல் இல்லாத இடத்தில் தண்ணீரே சொல்லும். தெளிந்த நீர் கலங்குகிறதா, சருகும் குச்சியும் வருகிறதா, மேலே இரைச்சல் கூடுகிறதா? செருப்பு, பை எதையும் தேடாதீர்கள். ஓடையோடு கீழே ஓடாமல், பக்கவாட்டில் மேடேறுங்கள். யாராவது சிக்கியிருந்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070.