நமத்துப்போன வெடியும் மேகமும்

சாத்தூர்

அன்புள்ள செல்விக்கு,

பெரியப்பா எழுதுவது. "ஊரே சேந்து வெடி போட்டா மழை வருமா பெரியப்பா?" என்று போனில் கேட்டாய். வரும் என்கிறாளாம் அப்பத்தா. இந்த வெடிப் புகையால்தான் தாயில்பட்டிப் பக்கம் மழையே இல்லாமல் போச்சு என்கிறானாம் உன் அண்ணன். போனில் இரண்டு வரியில் முடிகிற விஷயமில்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சத்தத்தை முதலில் தள்ளிவிடுவோம். 1891-ல் ராபர்ட் டைரன்ஃபோர்த் என்ற அமெரிக்கர், அரசாங்கப் பணத்தை வாங்கிக்கொண்டு டெக்சாஸின் வறண்ட காட்டில் தரையிலும் பலூனிலும் வெடி வைத்து மழையை வரவழைக்கப் பார்த்தார். காதுதான் அடைத்தது. சத்தத்துக்கு மேகம் மசியாது. மிச்சம் இருப்பது புகை. அந்தப் புகையில் என்ன சரக்கு இருக்கிறது என்று அப்பத்தாவும் கேட்கவில்லை, உன் அண்ணனும் கேட்கவில்லை.

சரக்கைப் பற்றி, பட்டாசு ஆலைக்குப் போகிற உன் அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். ஈரக்காற்று அடிக்கிற நாளில் களத்தில் எதுவும் காயாது. பெட்டியில் போட்ட வெடியும் நமத்துப்போகும். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுவந்த தீப்பெட்டித் தொழில் இந்த வானம் பார்த்த பூமியில் வேர் பிடித்ததற்கு, இங்கே அடிக்கும் வெயிலும் ஒரு காரணம். மீந்த மருந்தை ராத்திரி வைக்காதே என்று போர்மேன் தொண்டை கிழியக் கத்துவதும் இந்த ஈரத்தால்தான். அலுமினியப் பவுடர் கலந்த மருந்தில் ஈரம் ஏறினால் அது தானாகவே சூடேறிவிடும்.

ஆனால் எல்லா உப்பும் ஒரே மாதிரி ஈரம் வாங்குவதில்லை. நாம் வெடியுப்பு என்று சொல்வது பொட்டாசியம் நைட்ரேட். சோடியம் நைட்ரேட்டும் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும். இருந்தும் பட்டாசுக்குப் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை. காற்றின் ஈரப்பதம் 74 சதவீதத்தைத் தொட்டாலே அது தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். பொட்டாசியம் நைட்ரேட்டோ 90 சதவீதத்தைத் தாண்டியும் தாக்குப்பிடிக்கும். அடுப்படியைப் பார். ஐப்பசி வந்தால் கல்லுப்பு ஜாடி கசிகிறதல்லவா? சுத்தமான உப்பு 75 சதவீதம் வரை காய்ந்தே கிடக்கும். தூத்துக்குடி உப்போடு ஒட்டிவரும் மெக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே கரையத் தொடங்கும். ஜாடியைக் கசியவைப்பது பெரும்பாலும் அந்தக் கலப்புதான்.

இதே கதைதான் மேலேயும் நடக்கிறது. மேகம் என்றால் வானத்தில் நமத்துப்போன தூசி என்று வைத்துக்கொள்.

தூசி எதற்கு, நீராவி தானாகத் துளியாகாதா என்று கேட்பாய். ஆகாது. சின்னத் துளியின் மேற்பரப்பு ரொம்ப வளைந்திருக்கும். அங்கே நிற்கும் மூலக்கூறுகளை இழுத்துப்பிடிக்கப் பக்கத்தில் ஆள் குறைவு என்பதால் அவை சுலபமாகப் பறந்துவிடும். தூசியே இல்லாத காற்றில் துளி பிறக்க ஈரப்பதம் பல நூறு சதவீதம் வேண்டும். நிஜ மேகத்துக்குள் அது 100-ஐத் தாண்டுவதே பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்குள்தான். உப்பு கரைந்த துளி மட்டும் தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ளும். வளைவு தண்ணீரை வெளியே தள்ள, உப்பு உள்ளே இழுக்க, இதில் யார் ஜெயிப்பது என்று கணக்குப் போட்டவர் ஹில்டிங் கோலர் என்ற ஸ்வீடன்காரர். நார்வே மலையுச்சியில் படிந்த உறைபனியைச் சுரண்டி, அதில் குளோரின் எவ்வளவு என்று அளந்த மனுஷன். அவருடைய 1936-ஆம் ஆண்டுக் கட்டுரையை மேக ஆய்வாளர்கள் இன்னும் விடவில்லை.

2007-ல் பெட்டர்ஸ், கிரைடன்வைஸ் என்ற இருவர் துகளின் இந்தத் தண்ணீர்த் தாகத்துக்கு ஒரே எண்ணைக் கொடுத்து, 'கப்பா' என்று பெயர் வைத்தார்கள். கடல் உப்புக்கு 1-க்கு மேல். அம்மோனியம் சல்பேட்டுக்கு 0.6 அளவில். விறகுப் புகையிலும் மரங்களின் ஆவியிலும் வரும் கரிமப் பொருள்களுக்கு 0.1 அக்கம்பக்கம். லாரி கக்கும் புதுக் கரிக்குக் கிட்டத்தட்ட பூஜ்யம். ஈரப்பதம் 100.3 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உப்புத் துகள் 50 நானோமீட்டர் இருந்தாலே துளியாகிவிடும். கரிமத் துகளுக்கு 115 வேண்டும். கரியின் மேல் உப்பு லேசாகப் பட்டு, கப்பா 0.01 என்று வந்தால் 250. (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சம் நானோமீட்டர்.) அளவுதான் பெரிது, சரக்கு இரண்டாம்பட்சம் என்று 2006-ல் ஜெர்மனியிலிருந்து ஒரு குழு வாதாடியதுண்டு. பெரிய துகள் என்றால் தாகம் கம்மியாக இருந்தாலும் ஒப்பேற்றிவிடும் என்பது வாஸ்தவம். பொடித் துகள்கள் கூட்டமாக இருக்கும் இடத்தில் சரக்குதான் பேசும்.

நம் ஊர் வானத்தில் என்னென்ன மிதக்கிறது? கரிசல் புழுதி, அடுப்புக் கரி, லாரிப் புகை. ஐப்பசியில் காற்று திரும்பினால் மன்னார் வளைகுடாவின் உப்பு. கிழக்கே இருந்து வரும் காற்றுக்கும் கொண்டல் என்றுதான் பெயர், மேகத்துக்கும் கொண்டல் என்றுதான் பெயர். பெயர் வைத்தவர்கள் கப்பா பார்க்கவில்லை, ஆனால் மழை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்திருக்கிறார்கள். இதோடு தீபாவளிப் புகையும் சேரும். அதிலுள்ள அலுமினிய ஆக்சைடு தண்ணீரைச் சட்டை செய்யாது. பொட்டாசியம் குளோரைடு கரையும். கந்தகம் எரிந்து வாயுவாகப் போய், பிறகு காற்றிலேயே சல்பேட்டாகி, அதுவும் தண்ணீர் கேட்கும்.

குளோரைடின் தாகத்துக்கு ஒரு சாட்சி இருக்கிறது. சென்னை ஐஐடியின் சச்சின் குந்தே குழு 2021-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. டெல்லிப் பனிமூட்டத்தில் கண் தெரியாமல் போவதில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம், குப்பையும் பிளாஸ்டிக்கும் எரிவது போன்றவற்றால் வரும் குளோரைடு தண்ணீரைக் குடித்து ஊதிப்போவதுதான் என்று அதில் காட்டினார்கள்.

அப்படியானால் தாகமுள்ள துகளை நிறைய விட்டால் நிறைய மழை வருமே என்று தோன்றும். அங்கேதான் உன் அண்ணன் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஒரு மழைத்துளிக்கு ஏறக்குறைய பத்து லட்சம் மேகத்துளிகள் ஒன்றோடொன்று மோதிச் சேர வேண்டும். இருக்கிற தண்ணீரைப் பங்கு கேட்க ஆயிரம் கை நீண்டால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது சொட்டுதான். துளிகள் பொடிப்பொடியாகி, மோதாமல் மிதந்தே போய்விடும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வி. ராமநாதன் முன்னின்று நடத்திய இண்டோயக்ஸ் ஆய்வு, 1999-ல் இந்தியப் பெருங்கடலின் மேல் படர்ந்த பழுப்புப் புகையில் இதைத்தான் பார்த்தது: துளிகளின் எண்ணிக்கை கூடியிருந்தது, அளவு சிறுத்திருந்தது. ஒரே ஒரு தீபாவளி ராத்திரிப் புகையை வைத்து ஒரு வருஷத்து மழையைக் கணக்குப் பண்ணுவது மட்டும் அநியாயம். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவ மழையை மறித்துக்கொள்வதை உன் அண்ணன் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் தலை நிமிர்ந்து பார்த்தாலே தெரியும்.

அப்பத்தாவுக்கும் ஒன்று வைத்திருக்கிறேன். மழைக்காக வானத்தில் கொளுத்தும் மத்தாப்பு உண்மையிலேயே உண்டு. தென்னாப்பிரிக்காவில் கிரேம் மாதர் என்பவர், ஒரு காகித ஆலையின் புகைக்கு மேலே நிற்கும் மேகத்தில் மட்டும் துளிகள் பெருத்திருப்பதைக் கவனித்தார். அந்தப் புகையில் உப்புகள் இருந்தன. அதைப் பார்த்துத்தான் உப்பு கக்கும் மத்தாப்புக் குழாய்களை விமான இறக்கையில் கட்டிக் கொளுத்தினார்கள். புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 2018, 2019-ல் சோலாப்பூரில் கால்சியம் குளோரைடு குழாய்களை மேகத்தின் அடிவயிற்றில் எரித்து, 276 மேகங்களை ஆராய்ந்தது. மழை சராசரியாக 18 சதவீதம் கூடியது என்கிறார்கள். சூட்சுமம் துகளின் பருமனில் இருக்கிறது. தாகத்தோடு சற்றுப் பெரிதாகவும் இருக்கும் துகள் முந்திக்கொண்டு தண்ணீரைக் குடித்துப் பெருத்து, கீழே விழும்போது மற்றவற்றையும் இழுத்து வரும். ஆனால் மேகம் ஏற்கெனவே இருக்க வேண்டும். வெறும் வானத்தில் எதைக் கொளுத்தினாலும் வீண்.

நீயே ஒரு மேகம் செய்து பார். திரியோ மருந்தோ இல்லாத இடத்தில் உட்கார்ந்துகொள். பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு வாய் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, மூடி, நன்றாக அமுக்கிச் சட்டென்று விடு. ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி அணைத்து, அந்தப் புகையைப் பாட்டிலுக்குள் பிடித்து, மறுபடி அமுக்கி விடு. விடுகிற நொடியில் உள்ளே வெள்ளையாகப் படரும், அமுக்கினால் மறையும். ஊதுபத்திப் புகையிலும் செய்து, எதில் அடர்த்தி என்று எனக்கு எழுது. அப்பத்தாவையும் உட்காரவைத்துக் காட்டு. பாட்டில் கசங்குகிற சத்தத்தில்தான் மேகம் வந்தது என்பாள், விட்டுவிடாதே.

அன்புடன்,
பெரியப்பா