கணிப்பொறியில் புகுந்த விளம்பரப் பூச்சி: வேரோடு களைவது எப்படி?



கேரளத்துக்குப் போக வேண்டிய சேலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு லாரி வாசலில் நிற்கிறது. இ-வே பில் எடுத்தால்தான் வண்டி கிளம்பும். கணிப்பொறியில் பிரவுசரைத் திறக்கிறோம். நாம் வைத்திருந்த முதல் பக்கத்தைக் காணோம். பெயர் தெரியாத ஒரு தேடுதளம் வந்து நிற்கிறது. திரையின் மூலையில் கடன் வேண்டுமா, பரிசு விழுந்திருக்கிறது, உங்கள் கணிப்பொறியில் வைரஸ் என்று ஒன்றன்மேல் ஒன்றாக விளம்பரச் சீட்டுகள். ஒன்றை மூடினால் இரண்டு முளைக்கின்றன.

"விளம்பரம்தானே, போகட்டும்" என்று மூடிவிட்டு வேலையைப் பார்ப்பவர்களே நம்மில் அதிகம். அப்படி விட்டுவிடுவது ஏன் ஆபத்து, அதை நீக்குவது எப்படி என்பதை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

இது என்ன சரக்கு?

இதற்கு ஆட்வேர் என்று பெயர். வியாபாரிகளான நமக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. எல்லாம் தரகுக் கணக்குதான். நாம் பார்க்கும், அழுத்தும் விளம்பரங்களுக்கு அதை நுழைத்தவனுக்குக் கமிஷன் போகிறது. நம்மைக் கேளாமல் நம் கடைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டி, சுவருக்கான வாடகையையும் அவனே வாங்கிக்கொள்வது போன்றது இது.

அத்துடன் நின்றால் பரவாயில்லை. நாம் எதைத் தேடுகிறோம், எங்கே போகிறோம் என்று அவன் கல்லாப் பக்கத்தில் நின்று குறித்துக்கொள்கிறான். வழிகாட்டிப் பலகையையும் திருப்பி வைக்கிறான். வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடினால், முதலில் வருவது மோசடிக்காரன் எண்ணாக இருக்கலாம். இன்று ஜிஎஸ்டி கணக்கு, இ-வே பில், வங்கிப் பணம் மூன்றும் பிரவுசர் வழியாகவே போகின்றன. வழிகாட்டிப் பலகை பிறர் கையில் இருக்கும்போது அந்த வழியில் பணத்தை அனுப்பலாமா?

நடந்த இரண்டு நிகழ்ச்சிகள்

2017 ஜூன் மாதம் செக் பாயிண்ட் என்ற கணிப்பொறிப் பாதுகாப்பு நிறுவனம் 'ஃபயர்பால்' என்ற ஆட்வேர் பற்றி அறிக்கை வெளியிட்டது. உலகம் முழுவதும் 25 கோடிக்கு மேற்பட்ட கணிப்பொறிகளில் அது புகுந்திருப்பதாகவும், அவற்றில் சுமார் 2 கோடியே 53 லட்சம் இந்தியாவில் உள்ளவை என்றும் அந்நிறுவனம் மதிப்பிட்டது. இந்தக் கணக்கு மிகை என்று மைக்ரோசாஃப்ட் பின்னர் மறுத்தது. எண்ணிக்கை எதுவாயினும், அது வந்த வழியை நாம் கவனிக்க வேண்டும். இலவச மென்பொருள்களோடு ஒட்டிக்கொண்டு வந்து, முதல் பக்கத்தையும் தேடுதளத்தையும் மாற்றியது. வேறு எந்த நிரலையும் பின்னால் இறக்கிக்கொள்ளும் திறனும் அதற்கு இருந்தது. அதாவது, நோட்டீஸ் ஒட்ட வந்தவன் கையில் கடைச் சாவியும் இருந்தது.

இரண்டாவது நிகழ்ச்சி 2015 பிப்ரவரியில் வெளிவந்தது. லெனோவா நிறுவனத்தின் சில புது மடிக்கணினிகளிலேயே 'சூப்பர்ஃபிஷ்' என்ற விளம்பர மென்பொருள் ஏற்றப்பட்டிருந்தது. பூட்டுக் குறியுள்ள பாதுகாப்பான தளங்களின் போக்குவரத்தைக்கூட அது இடைமறித்தது. பின்னர் அதை நீக்கும் கருவியை அந்நிறுவனமே வெளியிட்டது. புதுச் சரக்கு என்றாலும் பிரித்துப் பார்த்தே எடுக்க வேண்டும் என்பது இதில் நமக்குப் பாடம்.

எப்படி உள்ளே வருகிறது?

பெரும்பாலும் நாமே கதவைத் திறந்துவிடுகிறோம். பிடிஎஃப் மாற்றும் மென்பொருள், வீடியோ இறக்கும் மென்பொருள், திருட்டு நகல் கணக்கு மென்பொருள் என ஏதோ ஒன்றை இலவசமாக இறக்கி, படிக்காமல் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அழுத்துகிறோம். கூடவே இன்னொன்றும் ஏறிவிடுகிறது. இன்னொரு வழி, ஏதோ ஒரு தளம் 'அறிவிப்பு அனுப்பலாமா' என்று கேட்கும்போது 'அலோ' என்பதை அழுத்திவிடுவது.

நீக்கும் முறை

வரிசை முக்கியம். வேர் கணிப்பொறியில் இருக்க, பிரவுசரில் இலையை மட்டும் கிள்ளினால் மறுநாளே துளிர்த்துவிடும். முதலில் டேலி கணக்குகளைப் பென் டிரைவில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். வேலை முடியும்வரை அக்கணிப்பொறியில் வங்கி, ஜிஎஸ்டி தளங்களைத் திறக்க வேண்டாம்.

1. விண்டோஸ் செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' பகுதிக்குப் போய், மென்பொருள்களை ஏற்றிய தேதி வாரியாக வரிசைப்படுத்துங்கள். தொல்லை தொடங்கிய நாளையொட்டி வந்த, நமக்குத் தேவையற்றவற்றை 'அன்இன்ஸ்டால்' செய்யுங்கள். எதற்கு என்று விளங்காத பெயர் இருந்தால், தெரிந்தவரைக் கேட்டபின் நீக்குங்கள்.

2. விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ஃபுல் ஸ்கேன்' ஓடவிடுங்கள். நேரம் பிடிக்கும், கடை அடைக்கும் வேளையில் தொடங்குவது நலம். மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் 'ஆட்வ்கிளீனர்' என்ற இலவசக் கருவியும் இதற்கென்றே உள்ளது. அதை அந்நிறுவனத் தளத்திலிருந்து மட்டுமே இறக்க வேண்டும்.

3. இனி பிரவுசருக்கு வருவோம். குரோமில் வலது மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி 'எக்ஸ்டென்ஷன்ஸ்' பகுதியைத் திறந்து, நாம் சேர்க்காதவற்றை 'ரிமூவ்' செய்யுங்கள்.

4. செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'சைட் செட்டிங்ஸ்', 'நோட்டிஃபிகேஷன்ஸ்' என்று போனால், அறிவிப்பு அனுப்ப அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் கிடைக்கும். வேண்டாதவற்றை நீக்குங்கள். மூலையில் முளைக்கும் சீட்டுகள் பல இதிலேயே நின்றுவிடும்.

5. தேடுதளத்தையும் தொடக்கப் பக்கத்தையும் சரிபாருங்கள். அப்போதும் தீரவில்லையானால் 'ரீசெட் செட்டிங்ஸ்' செய்யுங்கள். சேமித்த முகவரிகளும் கடவுச்சொற்களும் அழியாது. எக்ஸ்டென்ஷன்கள் நின்றுபோகும், தளங்களில் மீண்டும் உள்நுழைய வேண்டியிருக்கும்.

6. திரையிலுள்ள குரோம் சின்னத்தில் வலது பொத்தானை அழுத்தி 'பிராப்பர்ட்டீஸ்' பாருங்கள். 'டார்கெட்' வரியின் கடைசியில் ஏதேனும் வலைத்தள முகவரி ஒட்டியிருந்தால் அதை மட்டும் அழியுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் போகவில்லையானால் நம்பகமான மெக்கானிக்கிடம் காட்டுவதே சரி. மத்திய அரசு 2017-ல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்திலும் இலவச நீக்கக் கருவிகள் கிடைக்கின்றன.

நீக்கியபின் செய்ய வேண்டியவை

கணிப்பொறி சுத்தமானதும் வங்கி, ஜிஎஸ்டி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை மாற்றுங்கள். சுத்தமாகும் முன் மாற்றினால், புதுச் சாவியையும் அவனிடமே கொடுத்ததாகும்.

வங்கி, அரசுத் தளங்களைத் தேடிப் போகாமல், முகவரியைச் சரியாகத் தட்டச்சு செய்து ஒருமுறை 'புக்மார்க்' செய்துவைத்தால் போதும். அரசுத் தள முகவரி பெரும்பாலும் 'கவ் டாட் இன்' என்று முடியும். வங்கிகள் 'பேங்க் டாட் இன்' என முடியும் முகவரிக்கு மாற ரிசர்வ் வங்கி 2025 அக்டோபர் 31 வரை கெடு வைத்தது.

விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரிலும் முடிந்துவிட்டன. பழைய கணிப்பொறியில் பில் போடலாம்; பணம் அனுப்புவதைத் தவிர்ப்பது நலம்.

'வைரஸ் வந்துவிட்டது, இந்த எண்ணை அழையுங்கள்' என்று திரையில் வந்தால் அழைக்காதீர்கள். மைக்ரோசாஃப்ட் அப்படி எண் கொடுத்து அழைக்கச் சொல்வதில்லை. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம் கைமாறிக்கொண்டிருக்கும்.

வீட்டில் பாம்பு, தேள் தொல்லை தீர வெள்ளியில் அவற்றின் உருவம் வாங்கிச் சங்கரநாராயணர் கோயில் உண்டியலில் செலுத்துவது நம் ஊர் வழக்கம். காணிக்கை செலுத்துகிறவரும் வீட்டைப் பெருக்காமல் விடுவதில்லை. மாதம் ஒருமுறை, ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்யும் முன் அரைமணி நேரம் ஒதுக்கிக் கணிப்பொறியையும் ஒருமுறை பெருக்கிவிடுவோம்.