ஆட்டுக்கொட்டில் பார்க்கப் போகும்போது

சொந்த ஊருக்குத் திரும்பிய குடும்பங்களில் பலர் வாழ்வாதார உதவிப் படிவத்தில் "ஆடு வளர்ப்பு" என்று எழுதித் தருகின்றீர்கள். அந்தப் படிவம் முடிவாகுமுன், ஏற்கனவே ஆடு வளர்த்து வாழும் குடும்பங்களின் வளவுகளைப் பார்க்க ஒரு நாள் கள விஜயம் ஒழுங்கு செய்யப்படுகின்றது. காலையில் பஸ், மதியம் சாப்பாட்டுப் பார்சல், மாலையில் வீடு. சிலர் இதை ஊர் சுற்றிப் பார்க்கும் பயணமாக எண்ணுவதுண்டு. ஆனால் இந்த உதவி ஒரு குடும்பத்துக்கு ஒரு தடவைதான் கிடைக்கும். ஆடா, கோழியா, தையல் மெசினா என்று நீங்கள் தீர்மானிக்கப் போவது அந்த வளவுகளில் நின்றுதான்.

ஆகவே யார் வருவது என்பதை முதலில் யோசியுங்கள். படிவம் குடும்பத் தலைவரின் பெயரில் இருக்கும். ஆட்டுக்குக் குழை வெட்டப்போவது அம்மாவாகவோ அம்மம்மாவாகவோ இருக்கும். உண்மையில் ஆட்டைப் பார்க்கப்போகிறவரே பஸ்ஸில் ஏற வேண்டும்.

படலையைத் திறந்ததும் வீட்டுக்காரர் தமது பெரிய கிடாயைத்தான் கொண்டுவந்து காட்டுவார். காது தொங்கி, மூக்கு வளைந்து, உயரமாக நிற்கும் ஜமுனாபாரிக் கலப்பு என்றால் எல்லோரும் கைத்தொலைபேசியை எடுத்துவிடுவார்கள். அதைப் பிறகு பாருங்கள். முதலில் கொட்டிலின் கீழே குனிந்து பாருங்கள். நல்ல கொட்டில் நிலத்திலிருந்து 2 அல்லது 3 அடி உயர்ந்து நிற்கும். தளத்துச் சட்டங்களுக்கு இடையில் புழுக்கையும் சலமும் கீழே விழும் அளவுக்கு இடைவெளி இருக்கும். குட்டியின் கால் அகப்படும் அளவுக்கு இருக்காது. மாரி மழையில் ஈரத்தில் படுக்கும் ஆட்டுக்குச் சளியும் குளம்பு அழுகலும் வரும். தன் புழுக்கை மேலேயே விழுந்த குழையைத் தின்னும் ஆட்டுக்குக் குடற்புழு ஏறும். குழையைக் கட்டித் தொங்கவிடுவது இதனாலேயே. கூரைக்குத் தகரம் வேண்டும் என்பதில்லை. கிடுகோ பனையோலையோ வெயிலுக்கு இன்னும் நல்லது. வளர்ந்த ஆடு ஒன்றுக்குக் குறைந்தது 10 சதுர அடி இடம் தேவை. ஓர் அளவு நாடாவைக் கொண்டுபோய் அளந்து குறித்துக்கொள்ளுங்கள், வீட்டுக்காரர் கோபிக்கமாட்டார்.

அடுத்தது குழை. இதில்தான் புதிதாகக் குடியேறிய வளவுகள் பின்தங்கி நிற்கின்றன. வளர்ந்த ஆடு ஒன்று நாளொன்றுக்குத் தன் நிறையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பச்சைக் குழை தின்னும். 30 கிலோ ஆட்டுக்கு 3 கிலோ. மூன்று ஆடு என்றால் தினமும் 9 கிலோ, ஞாயிற்றுக்கிழமையும் காய்ச்சலான நாளும் உட்பட. அந்த வளவில் எத்தனை பூவரசு, முள்முருக்கு, கிளிசரியா, இப்பிலிப்பில் நிற்கிறது என்று எண்ணுங்கள். வேலிக் கதியாலே அவர்களுக்குத் தீவனக் களஞ்சியம். உங்கள் வேலி எரிந்தோ தறிபட்டோ போயிருந்தால், ஐப்பசி மழையோடு நடுகின்ற கதியால் அடுத்த வருடம்தான் வெட்டக்கூடிய குழை தரும். கதியாலை இவ்வருடம் நட்டு, ஆட்டை அடுத்த வருடம் கேட்பது வெட்கமான காரியமல்ல. கிளிசரியாக் குழையை ஆடு மணத்துக்காகத் தள்ளிவிடும். சில மணித்தியாலம் வாடவிட்டுக் கொடுத்தால் பழகிக்கொள்ளும். பச்சை மரவள்ளி இலை கவனம், அதில் நஞ்சு உண்டு.

வேலி இல்லாத ஆடு அயலவரின் கத்தரிக் கன்றைத் தின்னும். ஊருக்கு வந்த புதிதில் அயலவரோடு சண்டை வேண்டாம். அதைவிடப் பெரிய ஆபத்து, வன்னியில் இன்னும் மிதிவெடி அகற்றி முடியாத பற்றைக் காடுகள். சிவப்புப் பலகையும் மண்டையோட்டு அடையாளமும் உள்ள இடத்துக்குள் ஆடு போனால் பின்னால் போகாதீர்கள். பிள்ளைகளை அனுப்பவே வேண்டாம். கொக்கத்தடியோடு குழை ஒடிக்கவும் அங்கு போகக்கூடாது. உங்கள் வளவைச் சுற்றி அப்படிப்பட்ட காணி இருந்தால், ஆட்டைக் கட்டி வைத்து வளர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இனிக் கேள்விகள். "அக்கா, எவ்வளவு லாபம்?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். "போன மாரிக்கு எத்தனை குட்டி செத்தது, ஏன் செத்தது?" என்று கேளுங்கள். அனுபவமுள்ளவர் ஒளிக்காமல் சொல்வார். பிறந்த முதல் மணித்தியாலத்திலேயே குட்டி கடும்புப்பால் குடித்ததா, தொப்புளுக்கு அயடின் பூசினார்களா என்ற சின்ன விடயங்களில் குட்டியின் உயிர் தங்கியிருக்கும். பின்கால் இழுத்து விழுந்த ஆடு இருந்ததா என்றும் விசாரியுங்கள். மாட்டில் இருக்கும் ஒருவகைப் புழுவை நுளம்பு ஆட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதால் வரும் வருத்தம் அது. மாட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் ஆட்டைக் கட்டாமல் இருப்பதும், பொழுதுபட வேப்பிலைப் புகை போடுவதும் உதவும். கண்டவுடன் கால்நடை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். பிந்தினால் ஆடு எழும்பாது.

காசுக் கணக்கை அங்கேயே போட்டுப் பாருங்கள். கிடாய்க்கு விட்டதிலிருந்து குட்டி போட 5 மாதம். அந்தக் குட்டி விற்கும் பருவத்துக்கு வர இன்னும் 8 முதல் 10 மாதம். அதாவது சினைப்படாத மறியாட்டோடு தொடங்கினால் ஒரு வருடத்துக்கு மேல் கையில் காசு வராது. மாதாமாதம் கடன் கட்டவேண்டிய குடும்பம் இதை நன்றாக யோசிக்க வேண்டும். பள்ளிக்கூடம் தொடங்கும் மாதத்தில் அவசரத்துக்குத் தாய் ஆட்டையே விற்றுவிட்டு, வெறும் கொட்டிலோடு நிற்கும் வீடுகள் உண்டு. விற்கும்போது கண்மதிப்பில் கொடுக்கிறார்களா, தராசில் நிறுத்தா என்றும் கேட்டு வையுங்கள். கண்மதிப்பு எப்போதும் வியாபாரிக்குத்தான் சாதகம். ஆட்டெருவுக்குத் தோட்டக்காரரிடம் என்ன விலை என்பதும் கணக்கில் சேரட்டும்.

இனத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. முதன்முதலாக வளர்ப்பவருக்கு ஊராடு அல்லது கலப்பு மறி இரண்டோ மூன்றோ போதும். சிறிய ஊராட்டை மிகப் பெரிய கிடாய்க்கு விட்டால் குட்டி ஈனக் கஷ்டப்படும். கிடாயை ஒவ்வொரு வீட்டிலும் வைத்திருக்கவும் வேண்டாம். ஐந்தாறு குடும்பம் சேர்ந்து ஒன்றை வைத்திருக்கலாம். ஆனால் அதன் பெண்குட்டிகள் வளர்ந்து வருமுன் அந்தக் கிடாயை மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் தகப்பனுக்கே மகள் சினைப்பட்டு, பிறக்கும் குட்டிகள் நோஞ்சானாகும்.

பார்த்துவிட்டு, "இது எங்களுக்குச் சரிவராது" என்று தோன்றினால் திரும்பி வரும் பஸ்ஸிலேயே வெளிக்கள உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். ஆடு வந்து இறங்குமுன் தெரிவை மாற்றுவது எல்லோருக்கும் இலகு. போன இடத்தில் ஆடு பிடித்துப்போய் அங்கேயே விலைபேச வேண்டாம். வேறு மாவட்டத்திலிருந்து ஆடு கொண்டுவருமுன் உங்கள் பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். வீட்டில் ஏற்கனவே ஆடு நிற்குமானால், அன்று மாலை அதைத் தொடுமுன் செருப்பைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, உடுப்பையும் மாற்றிவிடுங்கள். கால்வாய் நோய் செருப்போடும் வரும்.