காணாமற்போன விமானமும் கண்டதுபோற் பேசிய நாமும்



2025 டிசம்பர் மாதத்தில் ஓர் இரவு. இவ்வூர்ப் பனிக்கு அஞ்சி நம் மன்றத்து மாணவர் எண்மர் விடுதி உணவறையின் மூலையில் நெருங்கி அமர்ந்திருந்தோம். 2014-இல் மறைந்த மலேசிய விமானத்தை மீண்டும் தேடப் போகிறார்கள் என்ற அறிவிப்பு அப்பொழுதுதான் வந்திருந்தது. தட்டிலிருந்த சப்பாத்தி ஆறுவதற்குள் ஐந்து கொள்கைகள் பிறந்துவிட்டன. ஒருவர் அதனைக் கடத்தினார். ஒருவர் சுட்டு வீழ்த்தினார். ஒருவர் தியகோ கார்சியாத் தீவில் இறக்கி ஒளித்தே விட்டார். முதலாண்டு மாணவர் ஒருவர் என் பக்கம் திரும்பி, “அண்ணா, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேட்டார். எனக்கு உடனே வாய் திறக்க முடியவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு; அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

ஒன்றை அறிவது எப்படி என்பதை நம் முன்னோர் ஆழ்ந்து ஆராய்ந்தனர். அறியும் வழிகளை ‘அளவைகள்’ என்றனர். மணிமேகலையில் வரும் அளவைவாதி பத்து அளவைகளை எடுத்துரைக்கிறான். அவற்றைச் சுருக்கிக் காண்டல், கருதல், உரை என மூன்றில் அடக்குவதும் உண்டு. கண்ணாற் காண்பது காண்டல். மலையிற் புகை கண்டு அங்கே நெருப்பு உண்டு எனத் துணிவது கருதல். நம்பத்தக்கவர் சொல்லை ஏற்பது உரை. இம்மூன்று படிகளையும் கையிற்கொண்டு அந்த விமானத்தைப் பற்றி உலகம் பேசியதை அளந்து பார்ப்போம்.

காண்டல்

2014 மார்ச் 8-ஆம் நாள். நள்ளிரவு கடந்து 12 மணி 42 நிமிடத்திற்கு எம்.எச்.370 என்னும் விமானம் கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் நோக்கிப் புறப்பட்டது. பயணிகள் 227 பேர். பணியாளர் 12 பேர். பயணிகளுள் ஐவர் இந்தியர். 1 மணி 19 நிமிடத்திற்கு விமான அறையிலிருந்து கடைசிக் குரல் வந்தது. ஏறத்தாழ இரண்டு நிமிடங்களில், தரையிலிருந்து ராடார் கேட்கும் வினாவுக்கு ‘நான் இன்னார்’ என்று விடை தரும் கருவி ஓய்ந்தது. ஆனால், விடையை எதிர்பாராமல் எதிரொலியைக் கொண்டே பொருளை அறியும் ராடாரும் உண்டு. இராணுவத்தின் அத்தகைய ராடார், விமானம் திரும்பி மலேயத் தீபகற்பத்தைக் கடந்து மேற்கே செல்வதைப் பதிந்திருந்தது. 2 மணி 22 நிமிடத்திற்கு மலாக்கா நீரிணையின் வடமேற்கில் அதுவும் மறைந்தது.

கண்டது இவ்வளவே. ஆனால் காண்டலிலும் மயக்கம் உண்டு. மாலையிருளில் கயிறு பாம்பாகும். முதல் நாட்களில் தென்சீனக் கடலில் எண்ணெய்ப் படலம் மிதப்பதைக் கண்டு, விமானம் விழுந்த இடம் இதுவே என்றனர். ஆய்ந்து பார்த்தபோது அது கப்பல் எண்ணெய். செயற்கைக்கோட் படத்தில் பெரும் பொருள்கள் மிதப்பதாகச் செய்தி வந்தது. சென்று தேடியபோது அங்கு ஒன்றும் இல்லை. கண்ணுங்கூடத் தான் தேடுவதையே காண விரும்புகிறது.

கருதல்

ராடாரிலிருந்து மறைந்த பின்னும் அவ்விமானம் ஏறக்குறைய ஆறு மணி நேரம் பறந்தது. இதை எப்படி அறிந்தார்கள்? இந்தியப் பெருங்கடலின் மேலே இன்மார்சாட் நிறுவனத்தின் செயற்கைக்கோள் ஒன்று இருந்தது. விமானத்திலிருந்து நெடுநேரம் செய்தி வராவிடில், ஏறத்தாழ மணிக்கொரு முறை, ‘இருக்கிறாயா?’ என்று தரைநிலையம் அதன் வழியே கேட்கும். ‘இருக்கிறேன்’ என்று விமானத்துக் கருவி தானே விடையிறுக்கும். அந்த விடையில் இடமும் இல்லை, திசையும் இல்லை. அது வந்து சேர்ந்த கால அளவு மட்டும் உண்டு.

மின்னலைக் கண்டு, இடி கேட்கும் வரை எண்ணுகிறோம். இடி எவ்வளவு தொலைவில் என்பது தெரிகிறது. அதுபோலவே, விடை வரப் பிடித்த நேரம் செயற்கைக்கோளிலிருந்து விமானம் எவ்வளவு தொலைவில் இருந்தது என்பதைக் காட்டியது. ஆகவே வரைபடத்தில் ஒரு புள்ளி கிடைக்கவில்லை. ஒரு வட்டம் கிடைத்தது. விமானத்தின் வேகமும் எரிபொருளும் அவ்வட்டத்தின் பெரும்பகுதியைக் கழித்துவிட, வடக்கே ஒரு வில்லும் தெற்கே ஒரு வில்லும் எஞ்சின. வடக்கு வில் கசகஸ்தான் வரை செல்வது. தெற்கு வில் ஆளில்லாப் பெருங்கடலில் முடிவது.

இரண்டில் எது? வரும் ரயிலின் ஊதல் ஒரு வகையாகவும், போகும் ரயிலின் ஊதல் வேறு வகையாகவும் கேட்பதை நாம் அறிவோம். விமானம் அனுப்பிய அலையின் அதிர்வெண்ணிலும் அத்தகைய நுண்ணிய மாறுதல் இருந்தது. அது தெற்குப் பாதைக்கே பொருந்தியது. காலை 8 மணி 19 நிமிடத்திற்கு வந்த கடைசிக் குறிப்பு, கேள்விக்கு விடையன்று. விமானத்துக் கருவி தானாகவே மறுபடியும் தொடர்பு கோரியது. எரிபொருள் தீர்ந்து மின்சாரம் நின்று மீண்டும் வந்தால் அவ்வாறு நிகழும்.

இதுதான் கருதல். இங்கே புகை உண்டு. புகையையும் நெருப்பையும் பிணைக்கும் விதியும் உண்டு. அன்றியும், பின்வரும் காண்டலுக்கு அது தலைவணங்கக் காத்திருந்தது. 2015 ஜூலை 29-இல் ஆப்பிரிக்காவுக்கு அருகிலுள்ள ரீயூனியன் தீவின் கரையில் விமான இறக்கையின் பகுதி ஒன்று ஒதுங்கியது. அது அவ்விமானத்தினுடையதே என்று பிரெஞ்சு அதிகாரிகள் அவ்வாண்டு செப்டம்பரில் உறுதி செய்தனர். வடக்கு நிலப்பரப்பில் இறங்கிய விமானத்தின் இறக்கை இந்தியப் பெருங்கடலில் மிதந்து வாராதன்றோ?

உரை

உரை நம்பத்தக்கது ஆகவேண்டுமானால், சொல்பவர் அறிந்தவராகவும் சொன்னது சரியாக வந்து சேர்ந்ததாகவும் இருத்தல் வேண்டும். கடைசிக் குரல் “ஆல் ரைட், குட் நைட்” என்றதாக முதலிற் சொல்லப்பட்டது. அவ்வளவு அலட்சியமாக விடைபெற்றவர் மனத்தில் ஏதோ திட்டம் இருந்தது என்று எத்தனையோ பேர் எழுதினர். மார்ச் இறுதியில் அச்சொற்கள் திருத்தி அறிவிக்கப்பட்டன. உண்மையில் ஒலித்தவை, “குட் நைட், மலேசியன் த்ரீ செவன் ஸீரோ” என்னும் வழக்கமான சொற்களே. சொல்லப்படாத சொல்லுக்கு உலகம் மூன்று வாரம் பதவுரை எழுதியிருந்தது.

இன்னொன்றும் நேர்ந்தது. பயணிகளின் உறவினர் சிலர் தொலைபேசியில் அழைத்தபோது மணி ஒலித்தது. அவர்கள் உயிரோடிருப்பதற்கு இதுவே சான்று என்று செய்தி பரவியது. எதிர்முனைக் கருவியைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்திலும் அழைப்பவர் காதில் மணியொலி கேட்கக் கூடும் என்பது தொழில் அறிந்தோர் விளக்கம். ஆனால், அந்த மணியைக் கேட்டுக்கொண்டு அமர்ந்திருந்த தாய்க்கு யார் போய் அதை விளக்குவது? நமக்குப் பொழுதுபோக்காய் அமைந்த ஊகம் அவளுக்கு உறக்கமற்ற ஓர் இரவு.

என் கதை

இப்போது என் காரணத்தைச் சொல்கிறேன். அந்நாளில் நான் கும்பகோணத்தில் ஏழாம் வகுப்பு மாணவன். திருடப்பட்ட பாஸ்போர்ட்டுகளில் இருவர் அவ்விமானத்தில் ஏறினர் என்ற செய்தியைத் தாத்தாவின் நாளிதழிற் படித்தேன். திங்கட்கிழமை காலை, ஆசிரியர் வருமுன் கரும்பலகையில் வரைபடம் எழுதி, “அந்த இரண்டு பேர்தாம் கடத்தினார்கள்” என்று வகுப்புக்கே விளக்கினேன். ‘இருக்கலாம்’ என்று சொல்லவில்லை, ‘கடத்தினார்கள்’ என்றேன். நாற்பது பேர் வாய் திறந்து கேட்டனர். அன்று நான் அடைந்த பெருமைக்கு அளவில்லை.

இரண்டு நாள் கழித்து உண்மை வந்தது. இருவரும் ஈரான் நாட்டு இளைஞர். ஐரோப்பாவில் புகலிடம் தேடிச் சென்றவர்களாகவே தெரிந்தனர். பயங்கரவாதக் கூட்டத்தோடு தொடர்பு எதுவும் காணப்படவில்லை. அவருள் ஒருவரை எதிர்பார்த்து அவருடைய தாய் ஜெர்மனியிற் காத்திருந்தார். இதையும் நான் படித்தேன். ஆனால் கரும்பலகைக்குத் திரும்பிச் செல்லவில்லை. என் குற்றச்சாட்டைக் கேட்டவர் நாற்பது பேர். என் திருத்தத்தைக் கேட்டவர் ஒருவரும் இலர்.

ஊகத்தின் குற்றம் தவறுவதில் இல்லை. அறிஞரும் தவறினர். 2014 ஏப்ரலில் கடலடியிலிருந்து வந்த ஒலிகளைக் கறுப்புப் பெட்டியின் ஒலிகள் எனத் தேடுவோர் நம்பினர், அவ்விடத்தைத் துழாவினர், மே மாத இறுதியில், ‘இது அவ்விடம் அன்று’ என்று உலகறிய அறிவித்தனர். அவர்களுக்கும் கரும்பலகைச் சிறுவனுக்கும் உள்ள வேறுபாடு இதுவே: அவர்கள் திரும்பி வந்து அழித்தார்கள்.

ஐயமும் தீர்ப்பும்

விமானத் தலைவரைப் பற்றியும் ஐயம் எழுந்தது. அவர் வீட்டிலிருந்த பறத்தற் பயிற்சிக் கருவியின் பதிவுகளில் தென்னிந்தியப் பெருங்கடற் புள்ளியும் இருந்தது என்பது மெய். ஐயுறுதற்கு அது போதும், தண்டித்தற்குப் போதாது. 1,20,000 சதுரக் கிலோமீட்டர் கடற்றரையைத் துழாவிய தேடல் 2017 ஜனவரியில் பயனின்றி நின்றது. 2018-இல் ஓஷன் இன்ஃபினிட்டி நிறுவனம் மேலும் 1,12,000 சதுரக் கிலோமீட்டருக்கு மேல் தேடியும் கிடைக்கவில்லை. அவ்வாண்டு ஜூலையில் வெளிவந்த மலேசிய விசாரணை அறிக்கை, விமானம் மறைந்த காரணத்தை உறுதியாகக் கூற இயலவில்லை என்று முடித்தது. ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர் ‘அறியோம்’ என்றனர்; நாமோ சப்பாத்தி ஆறுமுன் அறிந்துவிடுகிறோம்.

விடை கிடைத்த பழைய நிகழ்ச்சி ஒன்றையும் நினைவூட்டுகிறேன். 1947 ஆகஸ்ட் 2-இல் ‘ஸ்டார் டஸ்ட்’ என்ற பிரிட்டிஷ் விமானம் 11 பேருடன் ஆண்டீஸ் மலையைக் கடக்கையில் மறைந்தது. அது கடைசியாக அனுப்பிய மோர்ஸ் தந்தியில் பொருள் விளங்காத ஒரு சொல் இருந்தது. வெடிகுண்டு என்றனர், ஒற்றர் சதி என்றனர், வேற்றுலகத்தார் கொண்டுபோயினர் என்றும் சொன்னார்கள். அரை நூற்றாண்டுக்குப் பின் துப்புங்காதோ மலையின் பனியாறு அதன் உடைபாகங்களை வெளியே தள்ளியது. அக்காலத்தில் நன்கு அறியப்படாதிருந்த மேல்வானப் பெருங்காற்று எதிர்த்து வீசியதால் வேகம் குறைந்தது. மலையைக் கடந்துவிட்டதாக எண்ணிய விமானிகள் முகிலுக்குள் இறங்கி, மலையிலேயே மோதினர் என்பது ஆராய்ந்தோர் முடிவு. ஐம்பது ஆண்டு காலம் சதிகாரரைத் தேடினோம். காற்றை நினைத்தவர் சிலரே.

எனவே, இத்தகைய செய்தி அடுத்த முறை உணவறைக்கு வரும்போது மூன்று கேள்விகளை உடன் வைத்துக்கொள்வோம். இது கண்டதா, கருதியதா, கேட்டதா? கருதியதாயின், எது கிடைத்தால் என் கருத்து பொய்யாகும்? பொய்யானால், யாரிடம் சொன்னேனோ அவர்களிடம் திரும்பச் சென்று சொல்வேனா? மூன்றாவதுக்கு ‘ஆம்’ என்று கூறக் கூடியவர் தாராளமாக ஊகிக்கட்டும். ஊகமின்றித் தேடலும் இல்லை.

அன்றிரவு அந்தத் தம்பிக்கு, “எனக்குத் தெரியாது, தம்பி” என்றேன். அவர் முகத்தில் சிறிது ஏமாற்றம் தெரிந்தது. ஆகவேதான் இவ்வளவும் எழுத நேர்ந்தது. இது அவருக்குரிய விடை. கும்பகோணத்து ஏழாம் வகுப்பு நண்பர்களுக்கு நான் சொல்லாது விட்ட திருத்தமும் இதுவே. பன்னிரண்டு ஆண்டு தாழ்ந்து வருகிறது, பொறுத்தருள்க.